இ-மெயில் கறுப்புப் பட்டியல்: வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை



"அனுப்பினோம், போய்ச் சேரவில்லை" என்ற புகார் நம் உறுப்பினர்களிடையே இப்போது அடிக்கடி கேட்கிறது. முன்பெல்லாம் இது லாரி ஆபீஸ் பார்சலைப் பற்றிய புகார். இப்போது இ-மெயிலைப் பற்றியது. விலைப்பட்டியல் போகவில்லை, பில் போகவில்லை, பாக்கி விவரம் போகவில்லை. எதிர்த்தரப்பில் கேட்டால் "எங்களுக்கு வரவே இல்லையே" என்கிறார்கள். பணம் கொடுக்காமல் இழுத்தடிக்கப் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சண்டைக்குப் போனவர்களும் உண்டு. பல சமயங்களில் அவர்கள் சொல்வது உண்மைதான். கடிதம் அவர்கள் வாசல்வரை போய், உள்ளே விடப்படாமல் திரும்பியிருக்கும். அல்லது யாரும் எட்டிப் பார்க்காத 'ஸ்பேம்' மூலையில் கிடக்கும். அனுப்பியவரின் கம்ப்யூட்டர் எண்ணோ, இணையப் பெயரோ கறுப்புப் பட்டியலில் ஏறியிருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

விராலிமலை போன்ற ஊரில் மளிகை வியாபாரத்துக்கு இ-மெயில் எதற்கு, வாட்ஸ்அப் போதாதா என்று சிலர் கேட்கலாம். நம் பக்கத்துத் தொழிற்சாலைகளின் கேன்டீன்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுப்பவர்களைக் கேட்டால் பதில் கிடைக்கும். பெரிய கம்பெனிகளின் கொள்முதல் பிரிவு கொட்டேஷனையும் பில்லையும் இ-மெயிலில்தான் கேட்கிறது. குறித்த தேதிக்குள் வராத கொட்டேஷன் வராததுதான். சமாதானம் சொல்லிப் பயனில்லை. ஆடிட்டரும் பாங்கியும் அப்படியே. விளம்பரத்துக்கு நாம் இ-மெயிலைப் பயன்படுத்தாவிட்டாலும், பிழைப்புக்கு அது வேண்டியிருக்கிறது.

நமக்குத் தெரிந்த எண்ணெய் மொத்த வியாபாரி ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னதாக ஒருவர் வந்து, "ஒரு லட்சம் இ-மெயில் முகவரி இருக்கிறது, மலிவாகத் தருகிறேன்" என்று ஆசை காட்டினார். வாங்கினார். கடையின் சொந்த முகவரியிலிருந்தே அத்தனை பேருக்கும் சலுகை விலை விளம்பரம் போயிற்று. ஒரு டின் எண்ணெய்கூடக் கூடுதலாக விற்கவில்லை. நான்காம் நாளிலிருந்து அவருடைய வழக்கமான பில்கள் போகாமல் நின்றன. மாதாமாதம் கொட்டேஷன் கொடுத்துவந்த ஒரு கேன்டீனுக்கு அந்த மாதக் கடிதம் போய்ச் சேரவில்லை. ஆர்டர் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது தீபாவளி முடிந்த பிறகு. ஆர்டர் திரும்பி வரவில்லை.

இந்தப் பட்டியலை யார் எழுதுகிறார்கள்?

நம்மில் பலர் இதை அரசாங்கம் போடும் பட்டியல் என்று நினைக்கிறோம். போட்டிக்காரர் செய்த வேலை என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. இதற்கு நம் மண்டிப் பழக்கத்தில் சரியான உதாரணம் இருக்கிறது. சரக்கை எடுத்துக்கொண்டு பணம் கொடுக்காமல் ஏய்ப்பவரைப் பற்றி மண்டிக்கு மண்டி செய்தி போகும். "அந்தக் கடைக்குக் கடன் கொடுக்கும்போது யோசித்துக் கொடுங்கள்" என்பார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கேட்டவர் தன் பாதுகாப்புக்காகத் தன் கல்லாவை மூடிக்கொள்கிறார், அவ்வளவுதான். இ-மெயில் உலகில் நடப்பதும் இதுவே.

வேண்டாத விளம்பரக் கடிதம் என்பது மிகப் பழைய விஷயம். 1978 மே மாதத்தில், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் என்ற அமெரிக்க வலையில், கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கம்பெனியின் விற்பனை அதிகாரி கேரி துவர்க் என்பவர் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பெற்றவர்களிடமிருந்து கண்டனம் வந்தது. அன்றைக்கு வலையில் இருந்தவர்களே மிகச் சிலர். ஒரு கண்டனத்தோடு காரியம் முடிந்தது. பிறகு கோடிக்கணக்கானவர்கள் உள்ளே வந்தபோது கண்டனம் போதவில்லை. 1997இல் பால் விக்ஸி என்ற அமெரிக்க நிபுணரும் அவருடைய கூட்டாளிகளும் தொந்தரவு செய்யும் கம்ப்யூட்டர்களின் எண்களைத் திரட்டிப் பட்டியலாக்கினார்கள். அடுத்த ஆண்டு, 1998இல், ஸ்டீவ் லின்ஃபோர்ட் என்பவர் லண்டனில் 'ஸ்பாம்ஹாஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் பெரிய மெயில் கம்பெனிகள் பார்க்கும் பட்டியல்களில் ஸ்பாம்ஹாஸின் பட்டியல் முதன்மையானது.

இது வேலை செய்யும் விதம் சுலபமானது. இ-மெயிலை எடுத்துச் செல்லும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு, ஐ.பி. எண் என்பார்கள். லாரிக்குப் பதிவு எண் இருப்பதுபோல. நம் கடிதம் எதிர்த்தரப்புக் கம்ப்யூட்டரின் வாசலுக்குப் போனதும், அது கடிதத்தை வாங்குவதற்கு முன் பட்டியல் வைத்திருப்பவரிடம் "இந்த எண் உங்கள் ஏட்டில் இருக்கிறதா?" என்று கேட்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் பதில் வருகிறது. இருக்கிறது என்றால் கதவு சாத்தப்படும். எண்ணை மட்டுமல்ல, நம் கடையின் இணையப் பெயரையும் இப்படிப் பட்டியலில் ஏற்றுகிறார்கள். ஆகவே எண்ணை மாற்றித் தப்பித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலிக்காது.

கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 'இ360' என்ற மார்க்கெட்டிங் கம்பெனி, தன்னை ஸ்பாம்ஹாஸ் பட்டியலில் சேர்த்ததால் தொழில் போயிற்று என்று வழக்குப் போட்டது. ஸ்பாம்ஹாஸ் தரப்பு வழக்கைத் தொடர்ந்து நடத்தாததால், 2006இல் 1 கோடியே 17 லட்சம் டாலர் நஷ்டஈடு என்று ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆயிற்று. பிறகு மேல்முறையீடு, மறு விசாரணை. நஷ்டத்துக்குக் கணக்குக் காட்டு என்று கேட்டபோது அந்தக் கம்பெனியால் காட்ட முடியவில்லை. 2010இல் தொகை 27,002 டாலராகக் குறைந்தது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் குறைத்து 3 டாலர் என்று முடித்தது. மூன்றே டாலர்! ஐந்து ஆண்டு வக்கீல் செலவு எவ்வளவு ஆகியிருக்கும் என்பதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெயர் எப்படி ஏறுகிறது?

முக்கியமான வழி, பெறுபவரின் விரல். ஜிமெயிலில் ஒரு கடிதத்தைத் திறந்தால் 'இது ஸ்பேம்' என்று சொல்ல ஒரு பொத்தான் இருக்கிறது. எரிச்சல் அடைந்தவர் அதை அழுத்துகிறார். ஒவ்வொரு அழுத்தலும் எழுதிவைக்கப்படுகிறது. கூகுள், யாஹூ ஆகிய இரு கம்பெனிகளும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாகக் கடிதம் அனுப்புபவர்களுக்குக் கண்டிப்பான விதிகளைக் கொண்டுவந்தன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புபவர்களை கூகுள் மொத்த அனுப்புநர் என்று கணக்கிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்குப் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1 சதவீதத்துக்குக் கீழேயே வைத்துக்கொள்வது நல்லது என்கிறது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் பொத்தானை அழுத்தினால் ஆபத்து. நம் கணக்கில் சொன்னால், ஒரு குவிண்டால் துவரம்பருப்பில் 300 கிராம் கல். அதைவிட அதிகக் கல்லோடு வரும் மூட்டையை நாம் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்வதுண்டு. அவர்கள் வாங்குவதில்லை.

நம்மில் யார் நாளைக்கு 5,000 கடிதம் அனுப்பப்போகிறோம் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் புகார் புகார்தான். சொல்லப்போனால், 200 பேருக்கு அனுப்புகிறவருக்கு ஒரே ஒருவர் புகார் செய்தாலும் அது அரை சதவீதம்.

அடுத்தது கண்ணி முகவரி. பட்டியல் வைத்திருப்பவர்கள் எந்த மனிதருக்கும் சொந்தமில்லாத இ-மெயில் முகவரிகளை ஆங்காங்கே போட்டுவைக்கிறார்கள். பல ஆண்டுகளாக யாரும் பயன்படுத்தாமல் கைவிடப்பட்ட முகவரிகளையும் இதற்காக எடுத்துவைக்கிறார்கள். அந்த முகவரியை உங்களிடம் யாரும் கொடுத்திருக்க முடியாது. அதற்குக் கடிதம் போகிறது என்றால், நீங்கள் முகவரிகளை விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள், அல்லது பத்து வருடத்துக்கு முந்தைய பழைய ஏட்டைத் தூசி தட்டாமல் பயன்படுத்துகிறீர்கள் என்று அர்த்தம். விலைக்கு வாங்கும் லட்சம் முகவரியில் இந்தக் கண்ணிகள் எத்தனை இருக்கின்றன என்பது விற்பவருக்கே தெரியாது. எலிப்பொறி வைத்த கிட்டங்கியில் இருட்டில் கைவிடுவதுபோலத்தான்.

மூன்றாவது, நம்மை அறியாமல் நடப்பது. கடைக் கம்ப்யூட்டரில் திருட்டு சாஃப்ட்வேரைப் போட்டு, அதோடு வைரஸும் புகுந்துவிட்டால், அந்தக் கம்ப்யூட்டர் இரவெல்லாம் யார் யாருக்கோ கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கும். உரிமையாளருக்குத் தெரியாது. நம் நாட்டுக்கு இதில் கெட்ட பெயரே வந்தது. 2012ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் உலகில் பிடிபட்ட ஸ்பேம் கடிதங்களில் 9.3 சதவீதம் இந்தியக் கம்ப்யூட்டர்கள் வழியாகப் போனது என்று சோபோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது. அமெரிக்காவையும் தாண்டி முதலிடம். நம்மவர்கள் எல்லோரும் உட்கார்ந்து விளம்பரம் எழுதவில்லை. இன்டர்நெட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் அதிகம். அவர்களின் பாதுகாப்பில்லாத கம்ப்யூட்டர்களை வெளியார் பிடித்து வேலை வாங்கினார்கள்.

இதோடு பக்கத்துக்காரரின் வினையும் சேரும். மலிவாகக் கிடைக்கிறது என்று நாம் எடுக்கும் மெயில் சேவையில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் ஒரே ஐ.பி. எண்ணில் இருக்கும். ஒருவர் தப்புச் செய்தால் அந்த எண்ணே பட்டியலில் ஏறும். செக்போஸ்ட் இருந்த காலத்தில் ஒரே லாரியில் யாரோ ஒருவர் பில் இல்லாத சரக்கை ஏற்றிவிட, ஒழுங்காகப் பில் போட்ட நம் மூட்டைகளும் சேர்ந்து இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததை மறந்திருக்க மாட்டோம். 2017இல் ஜி.எஸ்.டி. வந்து செக்போஸ்ட் போயிற்று. இ-மெயிலில் அந்தச் சங்கடம் இன்னும் இருக்கிறது. ஆகவே சேவை எடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், புகார் வந்தவர்களை உடனே வெளியேற்றுகிறார்களா என்று விசாரித்து எடுப்பது நல்லது.

எஸ்.எம்.எஸ். அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

இ-மெயிலுக்கென்று அமெரிக்காவில் 2003இல் வந்ததுபோன்ற தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் தொந்தரவு தரும் இ-மெயிலைப் பற்றி ஒரு வாசகம் இருந்தது. அந்தப் பிரிவு முழுவதையும் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. ஆனால் போனுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் சட்டம் உண்டு. அது நாளுக்கு நாள் இறுகிவருகிறது. மளிகைக் கடைக்காரர்கள் இ-மெயிலைவிட இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2007இலேயே 'அழைக்காதே' பதிவேட்டைக் கொண்டுவந்தது. 2010இல் விதிகள் திருத்தப்பட்டன. 2018 ஜூலையில் வந்த புதிய விதிப்படி, வியாபார எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் டி.எல்.டி. என்ற பதிவேட்டில் தன் பெயரையும், அனுப்பும் வாசகத்தின் மாதிரியையும் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத வாசகம் போகாது. 2021 மார்ச் 8ஆம் தேதி இந்தச் சோதனையைக் கண்டிப்பாக அமல்படுத்தத் தொடங்கியதும், பல நிறுவனங்கள் வாசகங்களைச் சரியாகப் பதியாததால் பாங்கி ஓ.டி.பி.கள் நாடு முழுவதும் தடைப்பட்டன. மறுநாளே டிராய் அந்தச் சோதனையை ஏழு நாட்களுக்கு நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பெரிய பெரிய பாங்கிகளே அன்று திண்டாடின.

2024 ஆகஸ்ட் 13ஆம் தேதி டிராய் ஓர் உத்தரவு போட்டது. பதிவு செய்யாமல் விளம்பர அழைப்புச் செய்பவர்களின் இணைப்புகளையெல்லாம் துண்டித்து, அவர்களை இரண்டு ஆண்டுவரை கறுப்புப் பட்டியலில் வைக்க வேண்டும் என்பது உத்தரவு. செப்டம்பர் தொடக்கத்துக்குள் 50க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பட்டியலில் ஏறின, 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. 2024 அக்டோபர் முதல், முன்கூட்டி அனுமதி பெறாத இணைய முகவரி உள்ள எஸ்.எம்.எஸ். தடுக்கப்படுகிறது.

2025 பிப்ரவரி 12ஆம் தேதி விதிகள் மறுபடி திருத்தப்பட்டன. இதை ஒவ்வொருவரும் கவனமாகப் படிக்க வேண்டும். முன்பு, பதிவில்லாத ஓர் எண்ணின் மேல் 7 நாளில் 10 புகார் வந்தால் நடவடிக்கை என்றிருந்தது. இப்போது 10 நாளில் 5 புகார் போதும். புகார் கொடுக்கப் பொதுமக்களுக்கு முன்பு 3 நாள் அவகாசம். இப்போது 7 நாள். விதியை மீறி அனுப்புகிறவரின் எல்லா எண்களிலிருந்தும் முதல் தடவை 15 நாட்களுக்கு வெளியே பேச முடியாது. மறுபடி செய்தால் எல்லாக் கம்பெனி இணைப்புகளும் ஓர் ஆண்டுக்குத் துண்டிப்பு, கறுப்புப் பட்டியல். சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பர அழைப்புச் செய்யவே கூடாது. அதற்கு 140 என்று தொடங்கும் எண் தனியாக உண்டு.

ஐந்து புகார் என்பது எவ்வளவு சிறிய எண்ணிக்கை என்று யோசித்துப் பாருங்கள். கடையின் சொந்த சிம்மிலிருந்து ஊர்முழுக்கப் பொங்கல் சலுகை எஸ்.எம்.எஸ். அனுப்புகிறோம். வேண்டாதவர் ஐந்து பேர் 1909க்குச் சொல்லிவிட்டால், இருபது வருடமாக வாடிக்கையாளர் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்ணிலிருந்து பண்டிகை நேரத்தில் மண்டிக்குக்கூடப் பேச முடியாத நிலை வரும். போர்டிலும் பையிலும் அச்சடித்த எண் அது. அந்த எண்ணைப் பணயம் வைத்து விளம்பரம் செய்வது நம் பார்வையில் நல்ல கணக்கு அல்ல.

வாட்ஸ்அப்புக்கு டிராய் விதி இல்லை. அந்தக் கம்பெனியே நடவடிக்கை எடுக்கிறது. 2025 ஜனவரி மாதத்தில் மட்டும் சுமார் 99 லட்சம் இந்தியக் கணக்குகளை முடக்கியதாக அது அறிவித்தது. அதிலும் பிராட்காஸ்ட் பட்டியல் என்ற வசதி நமக்கு ஏற்றது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நம் எண்ணைத் தன் போனில் பதிந்துவைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். அதாவது நம்மைத் தெரிந்தவருக்கு மட்டும். தெரியாதவர்களை இழுத்துவந்து குரூப்பில் போடுவது, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம். அப்படிச் செய்பவர்களைத்தான் ஜனங்கள் புகார் செய்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

விலை நிலவரத்தைக் கார்டில் எழுதி அனுப்பிய காலத்தில் ஒரு கார்டு 15 காசு. காசு போட்டு வாங்கியதால், யாருக்கு வேண்டுமோ அவருக்கு மட்டுமே அனுப்பினோம். கடையை மூடிவிட்டவர் பெயரை உடனே அடித்தோம். இ-மெயிலுக்குச் செலவு இல்லை என்றதும் அந்தக் கணக்கு மறந்துபோயிற்று. அந்தப் பழைய கார்டுப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தாலே முக்கால்வாசி ஆபத்து நீங்கிவிடும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். "விலை விவரமும் சலுகை விவரமும் அனுப்பச் சம்மதம்" என்று தலைப்பு. பெயர், எண் அல்லது இ-மெயில், தேதி, கையெழுத்து. அவ்வளவுதான். விருப்பமுள்ளவர் எழுதட்டும். பில் போடுவதற்காக வாங்கிய எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது வேறு விஷயம். அது சம்மதம் ஆகாது. பில் போட மொபைல் எண்ணைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். அதிலும் சம்மதம்தான் அடிப்படை. இன்றைக்கு வைக்கும் நோட்டு நாளைக்கு அதிகாரி கேட்டாலும் காட்ட உதவும்.

வேண்டாம் என்றவரை விட்டுவிட வேண்டும். இது நம்மவர்களுக்குக் கஷ்டமான காரியம். வாசலில் நின்ற வாடிக்கையாளரை விட நமக்கு மனசு வராது. ஆனால் இங்கே 'வேண்டாம்' என்று சொல்ல வழி இல்லாதவர்தான் 'ஸ்பேம்' பொத்தானைத் தேடுகிறார். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் "இனி வேண்டாம் என்றால் பதில் எழுதவும்" என்று ஒரு வரி போடுங்கள். மொத்த அனுப்புநர்கள் ஒரே அழுத்தலில் விலகும் வசதி வைக்க வேண்டும், கேட்டவர் பெயரை இரண்டு நாளைக்குள் நீக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. நாம் அன்று மாலை கடை கட்டும்போதே நீக்கிவிடலாம்.

திரும்பி வந்த கடிதத்தைப் படிக்காமல் அழிப்பவர்கள் அநேகம் பேர். அதில்தான் காரணம் எழுதியிருக்கும். 4 என்று தொடங்கும் எண் இருந்தால் தற்காலிகத் தடை. கம்ப்யூட்டரே மறுபடி முயலும். 550 என்பதுபோல 5இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. அப்படி ஒரு முகவரி இல்லை என்று வந்திருந்தால் அன்றே பட்டியலிலிருந்து அடியுங்கள். இல்லாத முகவரிகளுக்கு ஓயாமல் அனுப்புபவர்மேல் சந்தேகம் விழும்.

ஓரளவு பெரிய மொத்த வியாபாரிகள் சொந்த இணையப் பெயரில் இ-மெயில் வைத்துக்கொள்வது நல்லது. இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. சொந்தப் பெயர் வாங்கினால் மூன்று காரியங்களைக் கம்ப்யூட்டர்காரரிடம் சொல்லிச் செய்துகொள்ள வேண்டும்: எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.எம்.ஏ.ஆர்.சி. எழுத்துகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதலாவது, நம் கடைப் பெயரில் கடிதம் கொண்டுபோக யார் யாருக்கு அதிகாரம் என்ற அறிவிப்பு. வசூலுக்கு அனுப்பும் ஆளின் பெயரை முன்கூட்டிச் சொல்லிவைப்பதுபோல. இரண்டாவது, மூட்டைக்கு மார்க்கா போட்டு சீல் வைப்பது. வழியில் யாரும் பிரித்து மாற்றவில்லை என்பதற்கு அத்தாட்சி. மூன்றாவது, இந்த இரண்டிலும் தேறாமல் நம் பெயரில் யாராவது வந்தால் உள்ளே விடாதே, அல்லது ஓரமாக வை என்று எதிர்த்தரப்புக்கு நாம் கொடுக்கும் உத்தரவு. இவை இருந்தால் நம் பெயரில் மற்றவர் போலிக் கடிதம் அனுப்பி வாடிக்கையாளரிடம் பணம் பறிப்பதும் பெருமளவு தடுக்கப்படும். "எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் போடவும்" என்று போலிக் கடிதம் வருகிற காலம் இது.

விளம்பரத்துக்கு ஒரு முகவரியும் பில்லுக்கு வேறு முகவரியும் வைப்பது உத்தமம். விளம்பர முகவரிக்கு ஏதேனும் ஆனாலும் பில் போய்க்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் ஏறிவிட்டால்? ஸ்பாம்ஹாஸின் இணையப் பக்கத்தில் நம் ஐ.பி. எண்ணையோ இணையப் பெயரையோ கொடுத்தால், பட்டியலில் இருக்கிறதா, எந்தக் காரணத்துக்காக என்று தெரியும். ஒரு விவரம்: வீட்டு, கடை பிராட்பேண்ட் எண்கள் பலவற்றை அங்கே ஒரு தனிப் பட்டியலில் வைத்திருப்பார்கள். அது குற்றப் பட்டியல் அல்ல. இந்த எண்ணிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது, முறையான மெயில் சேவை வழியாகத்தான் வரவேண்டும் என்பதற்கான குறிப்பு. அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

உண்மையான காரணம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வைரஸ் என்றால் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். வாங்கிய முகவரிப் பட்டியல் என்றால் அதை மொத்தமாக அழிக்க வேண்டும். நல்லதைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று பார்க்கக் கூடாது. அதன்பின் நீக்கக் கேட்கலாம். ஐ.பி. எண் மெயில் சேவைக்காரருடையது என்றால் அவர் மூலமாகத்தான் கேட்க வேண்டியிருக்கும். ஸ்பாம்ஹாஸ் பெயரை நீக்குவதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. "பணம் கொடுங்கள், நான் எடுத்துத் தருகிறேன்" என்று போன் செய்பவர்களிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். காரணத்தைச் சரிசெய்யாமல் நீக்கக் கேட்டால், நீங்கினாலும் மறுபடி ஏறும். இரண்டாம் தடவை அவ்வளவு சுலபமாக இறங்காது.

பெயர் நீங்கிய அன்றே பழையபடி எல்லோருக்கும் அனுப்பிவிடக் கூடாது. முதல் சில நாட்கள் பில்லும் பதில் கடிதமும் மட்டும் போகட்டும். பிறகு, நமக்கு அடிக்கடி பதில் எழுதும் வாடிக்கையாளர்கள் ஐம்பது பேருக்கு விலைப்பட்டியல் அனுப்பிப் பாருங்கள். அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் நூறு பேர். திரும்பி வருவது ஏதும் இல்லை என்றால் மேலும் கொஞ்சம் கூட்டலாம்.